செரிமானத்துக்குப் பிரிஞ்சி இலைக் குடிநீர்: மணம் கெடாமல் வைக்கும் முறை

கல்யாணப் பந்தியில் உண்டு வந்த பிறகோ ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணிக்குப் பிறகோ வயிறு கனத்துப் போனால், நம் வீடுகளில் கை முதலில் சீரகத்துக்கும் ஓமத்துக்கும்தான் போகும். அவற்றுக்குப் பக்கத்து டப்பாவிலேயே இருக்கும் பிரிஞ்சி இலை, குருமாவுக்கும் பிரியாணிக்கும் தாளிக்க மட்டுமே வெளியே எடுக்கப்படுகிறது. இலையில் பரிமாறிய பிறகு அதையும் ஓரமாக ஒதுக்கிவிடுகிறோம். அந்த இலையைத் தனியாக வெந்நீரில் ஊறவைத்து வடித்துக் குடித்தால், சாப்பாட்டுக்குப் பின் வரும் உப்புசமும் ஏப்பமும் மந்தமும் தணிவதை எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறேன். மூலிகைத் தேநீர் என்று இப்போது இதற்குப் பெயர் வழங்கினாலும் இதில் தேயிலை கிடையாது. ஆகவே காஃபீனும் இல்லை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தாலும் தூக்கம் கெடாது.

செய்வதற்கு எளியது என்பதாலேயே பலர் இதைக் கெடுத்துவிடுகிறார்கள். திறந்த பாத்திரத்தில் நான்கைந்து இலைகளைப் போட்டு, தண்ணீர் பாதியாகச் சுண்டி நிறம் கறுக்கும் வரை கொதிக்கவைக்கிறார்கள். அப்போது வீடு முழுவதும் மணக்கிறது. டம்ளரில் மிஞ்சுவதோ துவர்ப்பும் கசப்பும்தான். இந்த இலையின் பயன் அதன் மணத்தில் இருக்கிறது. அந்த மணம் இலைக்குள் இருக்கும், எளிதில் ஆவியாகிவிடும் எண்ணெயிலிருந்து வருகிறது. நீராவியோடு சேர்ந்து அதுவும் கிளம்பிப் போய்விடும். அடுப்படி மணக்கிறது என்றால் அந்த அளவுக்குக் குடிநீரில் குறைந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். கீழே சொல்லும் முறை முழுவதும், மணத்தைப் பாத்திரத்துக்குள்ளேயே நிறுத்திவைப்பதற்கான வழிதான்.

எந்த இலை?

செய்முறைக்குப் போகும் முன் இலையைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் தமிழில் இதன் பெயர்கள் பெரிய குழப்பத்தில் இருக்கின்றன. பிரிஞ்சி இலை, பிரியாணி இலை, பட்டை இலை என்று மளிகைக் கடையில் கேட்டால் சரியான இலையே கிடைக்கும். நாட்டு மருந்துக் கடையில் இலவங்கப்பத்திரி என்று கேட்கலாம். ஆனால் சமையல் குறிப்புகள் சிலவற்றில் இதைப் ‘புன்னை இலை’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இது தவறு. புன்னை நெய்தல் நிலத்து மரம். கடற்கரை ஊர்களில் நிழலுக்கு நிற்பது. அதன் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் விளக்கெரிக்கவும் வெளிப்பூச்சுக்கும் பயன்பட்டது. ஆங்கிலத்தில் அந்த மரத்துக்கு ‘அலெக்சாண்ட்ரியன் லாரல்’ என்றும், பிரிஞ்சி இலையைப் போலச் சமையலில் சேர்க்கும் மேல்நாட்டு இலைக்கு ‘லாரல்’ என்றும் பெயர் இருப்பதால், மொழிபெயர்ப்பில் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்க வேண்டும். புன்னை இலையைப் பறித்துக் குடிநீர் வைக்கக் கூடாது. அதுபோலவே, வீட்டு வாசலில் பூத்து நிற்கும் அரளியின் இலையும் நீண்டு தடித்து, காய்ந்தால் ஏறக்குறைய இதே தோற்றம் தரும். அரளி இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு. மரத்தை நன்கு அறிந்தவர் அல்லாத எவரும் இந்த இலையைத் தோட்டத்தில் தேடாமல், நம்பிக்கையான கடையில் வாங்குவதே முறை.

நம் கடைகளில் கிடைப்பது இமயமலை அடிவாரத்து மரமொன்றின் இலை. தாவரவியலில் அதன் பெயர் சின்னமோமம் தமாலா. இலவங்கப்பட்டை மரத்துக்கு நெருங்கிய உறவு. நேபாளம், சிக்கிம், மேகாலயா, அசாம், உத்தராகண்ட் ஆகிய பகுதிகளிலிருந்து வருகிறது. உத்தராகண்டில் விளையும் இந்த இலைக்கு (இந்தியில் தேஜ்பத்தா) புவிசார் குறியீடும் உண்டு. இலையைத் திருப்பிப் பார்த்தால் காம்பருகே தொடங்கி நுனி வரை நீளவாக்கில் மூன்று நரம்புகள் தெளிவாக ஓடும். கசக்கி முகர்ந்தால் பட்டையும் கிராம்பும் சேர்ந்த இனிய காரமணம் வரும். மத்திய தரைக்கடல் நாடுகளின் லாரஸ் நொபிலிஸ் என்ற இலை வேறு; அது அளவில் சிறியது, நடுவில் ஒரே ஒரு நரம்பு, கசக்கினால் யூகலிப்டஸை நினைவூட்டும் மணம். சூப்பர் மார்க்கெட்டுகளில் இறக்குமதிப் பொட்டலங்களில் இருப்பதும், வெளிநாடுகளில் வாழும் தமிழர்களுக்கு எளிதில் கிடைப்பதும் பெரும்பாலும் இதுதான். இரண்டிலும் குடிநீர் வைக்கலாம். ஆனால் அளவும் சுவையும் ஒன்றல்ல என்பதால் எது கையில் இருக்கிறது என்று நரம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த இமயத்து இலைக்கும் நம் கரைக்கும் உள்ள தொடர்பு பழையது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்’ என்ற கடல்வழி வணிகக் குறிப்பு, சேரர் துறைமுகமான முசிறியில் மிளகோடும் முத்தோடும் ‘மலபத்ரம்’ என்ற நறுமண இலையும் கப்பலேறியதாகச் சொல்கிறது. அது இந்தப் பிரிஞ்சி இலையே (வடமொழியில் தமாலபத்திரம்) என்பது அறிஞர் பலர் கொண்டுள்ள கருத்து. ரோமானியர் அதை நறுமண எண்ணெய்க்கும் மருந்துக்கும் பயன்படுத்தினர். அவ்வளவு தொலைவு கப்பலில் போயும் மணம் நின்றதென்றால், காயவைத்த முறையும் கட்டிய முறையும் நன்றாக இருந்திருக்க வேண்டும். நம் வீட்டு டப்பாவில் அதே இலை ஆறு மாதத்தில் மணமற்றுப் போவது, அடுப்புக்குப் பக்கத்தில் மூடி சரியில்லாத டப்பாவில் வைப்பதால்தான்.

வாங்கும்போது இலை முழுதாகவும், ஆலிவ் பச்சையும் வெளிர் பழுப்பும் கலந்த நிறத்திலும் இருக்க வேண்டும். முழுக்கப் பழுப்பேறி, தொட்டால் பொடியாகும் இலை பழையது. வெண்புள்ளியோ பூஞ்சண வாடையோ இருந்தால் வேண்டாம். மதுரையில் கீழமாசி வீதி போன்ற மொத்தக் கடைத்தெருக்களில், சாக்கிலிருந்து ஓர் இலையை எடுத்து ஒடித்து முகர்ந்து பார்க்க விடுவார்கள். ஒட்டிய பொட்டலத்தில் அந்த வாய்ப்பு இல்லை. ஐம்பது கிராமே ஒரு குடும்பத்துக்குப் பல மாதங்களுக்குப் போதும், ஏனென்றால் காய்ந்த இலை காற்றைப் போல எடையற்றது. விலை மலிவு என்று அரைக் கிலோ வாங்கிவைத்தால் பாதி மணமிழந்து வீணாகும். கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி, வெயிலும் அடுப்புச் சூடும் படாத அலமாரியில் வையுங்கள். தேதியைவிட மூக்கை நம்புங்கள்: ஒடித்தவுடன் மணம் எழவில்லையானால் அந்த இலை குடிநீருக்கு ஆகாது.

செய்முறை

இருவருக்கு 350 மில்லி தண்ணீர், நடுத்தர அளவில் இரண்டு பிரிஞ்சி இலை போதும். ஒருவருக்கென்றால் 200 மில்லிக்கு ஓர் இலை. லாரஸ் நொபிலிஸ் இலையானால் அதன் மணம் கூர்மையானது என்பதால் 350 மில்லிக்கு முதலில் ஒன்றே ஒன்று போட்டுப் பாருங்கள். அடி கனத்த எவர்சில்வர் பாத்திரமும், அதன் வாய்க்கு இறுகப் பொருந்தும் மூடியும் வேண்டும். மண்சட்டியும் நல்லது, ஆனால் மீன் குழம்பு வைத்த சட்டியாக இருந்தால் அந்த வாடை ஏறிவிடும்.

இலையில் மலைப்பாதைத் தூசியும் சாக்குத் தூசியும் ஒட்டியிருக்கும். குழாய்த் தண்ணீரில் இரு பக்கமும் தேய்த்து ஒருமுறை அலசுங்கள், ஊறப்போட வேண்டாம். பிறகு தண்ணீரை மட்டும் அடுப்பில் வைத்துத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அது கொதிக்கும் நேரத்தில்தான் இலையை ஒடிக்க வேண்டும், முன்கூட்டியே ஒடித்து வைக்கக் கூடாது. நரம்புக்குக் குறுக்காக, கையால் மூன்று நான்கு துண்டுகளாகக் கிழித்தால் போதும். மிக்ஸியில் பொடித்துப் போட்டால் சாறு நன்றாக இறங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். இறங்குவது என்னவோ உண்மைதான், ஆனால் கூடவே துவர்ப்பும் இறங்கும், நுண்துகள்கள் வடிகட்டியைத் தாண்டித் தொண்டையில் உறுத்தும்.

தண்ணீர் கொதித்ததும் தீயை மிகக் குறைத்து, இலைத் துண்டுகளைப் போட்டு, உடனே மூடிவிடுங்கள். நான்கு அல்லது ஐந்து நிமிடம், தண்ணீர் அசைந்தும் அசையாமலும் இருக்கும் அளவிலேயே சிறுதீயில் இருக்கட்டும். மூடி தடதடத்தால் தீ அதிகம். பிறகு அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். இந்தப் பத்து நிமிடம்தான் இந்த வேலையின் உயிர். ஆவியோடு மேலே போன எண்ணெய் மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகளோடு படிந்திருக்கும். சூடு தணியத் தணிய அது திரும்பிக் கீழே சொட்டும். ‘வெந்துவிட்டதா’ என்று நடுவில் திறந்து பார்த்தால் அது காற்றோடு போய்விடும். திறக்கும்போதும் மூடியைச் சாய்த்து, அதிலுள்ள துளிகளைப் பாத்திரத்துக்குள்ளேயே விழவிடுங்கள். பிறகு மெல்லிய வடிகட்டியில் வடித்து, வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். லாரஸ் நொபிலிஸ் இலைக்குச் சிறுதீயில் வைக்கும் நேரம்கூடத் தேவையில்லை. அடுப்பை அணைத்தபின் போட்டு மூடிப் பத்து நிமிடம் ஊறினாலே போதும்.

சரியாக வந்த குடிநீர் இளம் வைக்கோல் நிறத்திலிருந்து வெளிறிய செம்பொன் நிறம் வரை இருக்கும். வாயில் பட்டையின் இனிப்பு மணமும், பின்னால் கிராம்பின் மெல்லிய காரமும், முடிவில் சிறு துவர்ப்பும் தெரியும். கறுத்துக் கசந்தால் நேரம் கூடிவிட்டது. நிறம் வந்து மணம் வரவில்லையென்றால் இலை பழையது. அதற்கு மேலும் இரண்டு இலை போடுவது தீர்வாகாது, துவர்ப்புதான் ஏறும்.

‘கஷாயம் என்றால் எட்டில் ஒன்றாகச் சுண்ட வேண்டாமா?’ என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. வேர், பட்டை, தண்டு போன்ற கடினமான சரக்குகளுக்குச் சுண்டக் காய்ச்சுவது பொருந்தும். அவற்றின் சத்து எளிதில் நீரில் இறங்காது. இலை, பூ ஆகியவற்றை, குறிப்பாக மணமுள்ளவற்றை, வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் முறையும் நம் மருத்துவ மரபில் உள்ளதே. பிரிஞ்சி இலைக்கு இரண்டாவது முறையே உகந்தது.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிஞ்சி இலை எண்ணெயில் கிராம்பில் உள்ள யூஜெனால் என்ற பொருள் இருக்கிறது. லாரஸ் நொபிலிஸ் இலையில் யூகலிப்டஸில் உள்ள சினியோல் மிகுந்திருக்கிறது. இத்தகைய நறுமண எண்ணெய்கள் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துவது விலங்குகளின் குடல் தசையை வைத்துச் செய்த சோதனைகளில் தெரிந்திருக்கிறது. வாயு நகர்ந்து வெளியேற அது உதவலாம். அதோடு, வெதுவெதுப்பான நீரைச் சிறுகச் சிறுக, உட்கார்ந்து, அவசரமில்லாமல் குடிப்பதுவும் வயிற்றுக்கு இதம் தரும். இது நோயைக் குணப்படுத்தும் மருந்து அன்று. ஒரு நேரத்துச் சாப்பாட்டால் வந்த தொல்லைக்கு வீட்டில் செய்துகொள்ளும் கைவைத்தியம்.

சேர்ப்பதும் விடுவதும்

வெறும் இலையில் செய்து பழகிய பிறகே மற்றதைச் சேருங்கள். உப்புசம் மிகுந்தால் அரைத் தேக்கரண்டி சீரகத்தை ஒன்றிரண்டாக நசுக்கி இலையோடு போடலாம். வாயு பிடித்து வலித்தால் இரண்டு விரலில் எடுக்கும் அளவு ஓமம். குமட்டலும் இருந்தால் சிறு துண்டு சுக்கைத் தட்டிப் போடலாம். சுக்கை முதலிலேயே தண்ணீரோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு இலையைப் போட வேண்டும், ஏனென்றால் ஒன்றுக்கு நேரம் வேண்டும், மற்றது நேரத்தைத் தாங்காது. ஒரு ஏலக்காய் இதற்கு மிகப் பொருத்தமான துணை. ஆயுர்வேதத்தில் இலவங்கப்பட்டை, ஏலம், இந்த இலை மூன்றையும் சேர்த்துத் திரிஜாதகம் என்றே ஒரு தொகுப்பாகச் சொல்வார்கள். இவற்றில் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். சீரகம், ஓமம், சுக்கு, மிளகு என்று எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி ஒருமுறை வைத்தேன். உப்புசம் போய் நெஞ்செரிச்சல் வந்தது.

பட்டையைக் கூடுதலாகச் சேர்க்க நினைப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த கேசியா பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம். அதை நாள்தோறும் மிகுதியாகக் குடித்தால் கல்லீரலுக்குத் தீங்கு நேரலாம். சுருள் சுருளாக, மெல்லிய தாள் போன்ற இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு. இலையே பட்டை மணம் தருவதால் எனக்குப் பட்டை தேவைப்பட்டதே இல்லை.

இனிப்பில்லாமல் குடிப்பது நல்லது. வேண்டுமென்றால் சிறு துண்டு கருப்பட்டி. அல்லது குடிக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு அரைத் தேக்கரண்டி தேன். எலுமிச்சைச் சாறு சில துளிகள் சேர்த்தால் சுவை எடுக்கும், ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டும். பால் சேர்த்தால் இது வேறொரு பானம். வயிறு கனத்திருக்கும் நேரத்தில் பால் மேலும் கனத்தையே தரும்.

சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, 100 முதல் 150 மில்லி வரை, பத்து நிமிடமாவது எடுத்துக்கொண்டு குடியுங்கள். குடித்ததும் படுக்காமல், வாசலிலோ மாடியிலோ கால் மணி நேரம் மெல்ல நடந்தால் பாதி வேலையை நடையே செய்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர், மிஞ்சினால் இரண்டு. மீந்ததைப் பிளாஸ்கில் ஊற்றிவைத்து அன்றே குடித்துவிட வேண்டும். மறுநாள் சூடாக்கிக் குடித்தால் மணம் இருக்காது. வடித்த இலையை மென்று தின்னவோ விழுங்கவோ கூடாது. எவ்வளவு வெந்தாலும் இந்த இலையின் விளிம்பு விறைப்பாகவே இருக்கும். தொண்டையிலும் குடலிலும் சிக்கிக்கொண்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சமைக்கும்போது பிள்ளைகளின் தட்டில் இலை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதும் இதனால்தான்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதை வழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 40 பேரில் லாரஸ் நொபிலிஸ் இலைப் பொடியைக் கேப்ஸ்யூலில் அடைத்து 30 நாள் உட்கொண்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை குறைந்தது. அது சிறிய ஆய்வு. இலையும் வேறு, பொடியாகக் கொடுத்த முறையும் வேறு. அதைக் காட்டி ‘பிரிஞ்சி இலைத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை போய்விடும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை நான் அறிவேன்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டும் தாய்மாரும் குழம்பில் சேரும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடர வேண்டாம். சிறு குழந்தைகளுக்கு இது வேண்டாம்; ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனைத் தொட்டு நாக்கில் வைப்பதும் ஆபத்து.

நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் அடிக்கடி வருபவர்கள் முதல் முறை நாலு வாய் குடித்துப் பார்க்கட்டும். எரிச்சல் கூடினால் இந்தக் குடிநீர் அவர்களுக்கு ஒத்துவராது. ஒரு வாரத்துக்கு மேல் உப்புசம் நீடித்தாலோ, உண்ணும்போது விழுங்கக் கடினமாக இருந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் இரத்தம் தெரிந்தாலோ எந்த இலையும் உதவாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சு அடைக்கிறது என்றார். ‘வாயுப் பிடிப்பு’ என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், சுக்குக் கஷாயம் வைத்தார்கள், விடியும் முன் அவர் போய்விட்டார். அது மாரடைப்பு. நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவதுபோன்ற வலி, அந்த வலி தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அதை வாயு என்று முடிவுகட்டக் கூடாது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல், வெறும் குமட்டலாகவும் மேல்வயிற்றுச் சங்கடமாகவும்கூட அது வரலாம். இந்தக் குடிநீரை வைத்து இறக்க ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். அப்படிப்பட்ட வேளையில் அந்த இருபது நிமிடத்தை அடுப்படியில் கழிக்காமல் உடனே 108-ஐ அழைத்துவிடுங்கள்.